எலும்புகள் நடந்த நாள்

அத்தியாயம் 7

தயாரிப்பாளர் கேத்லீன் கென்னடி ஒரு கம்ப்யூட்டர் திரையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார் என்று சொல்லி, போன வாரம் உங்களைக் காக்கவைத்தேன். திரையில் இருந்தது ஓர் எலும்புக்கூடு. டைரனோசரஸின் எலும்புக்கூடு. சதையில்லை, தோலில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்தது.

இடம், கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலில் இருந்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கூடம். 1991-இல் வந்த டெர்மினேட்டர் 2 படத்தில் உலோக மனிதனை உருக்கி ஓடவிட்டவர்கள் இவர்கள்தான். உலோகம் பளபளக்கும், வழுக்கும். கம்ப்யூட்டருக்குத் தோதான பொருள். சுருங்கி விரியும் தோல் வேறு சங்கதி. அதனால்தான் ஜுராசிக் பார்க் படத்துக்கு இயக்குநர் ஸ்பீல்பெர்க் வேறு வழியில் போக முடிவெடுத்திருந்தார். நெருக்கக் காட்சிகளுக்கு ஸ்டான் வின்ஸ்டன் செய்யும் ராட்சத இயந்திர மிருகம்; முழு உருவமும் ஓடியாடும் காட்சிகளுக்கு ஃபில் டிப்பெட்டின் பொம்மைகள்.

டிப்பெட் சாதாரண ஆளில்லை. பொம்மையைத் துளி அசைத்து, ஒரு ஃபிரேம் எடுத்து, மறுபடி அசைத்து எடுப்பது பழைய முறை. ஒவ்வொரு ஃபிரேமிலும் பொம்மை அசையாமல் நிற்பதால் படம் கத்தி வெட்டியதுபோல் துல்லியமாக விழும். ஓடுகிற நாயைப் படமெடுத்துப் பாருங்கள், கால்கள் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கல் இல்லாததால்தான் பழைய படங்களின் மிருகங்கள் வெட்டி வெட்டி நடந்தன. பொம்மையைக் கம்பிகளில் பொருத்தி, ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கணத்திலேயே மோட்டாரால் அசைக்கும் கோ-மோஷன் முறையை 1981-இல் வந்த டிராகன்ஸ்லேயர் படத்தில் கையாண்டவர் டிப்பெட்.

இந்த ஏற்பாட்டில் கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லை. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் இருந்த ஸ்டீவ் வில்லியம்ஸ் என்ற இளைஞருக்கு அது பொறுக்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், டைரனோசரஸின் எலும்புகளைக் கம்ப்யூட்டரில் ஒன்றொன்றாக உருவாக்கி, கோத்து, நடக்கவிட்டார். கென்னடி வரும் நாளில் அதைத் திரையில் ஓடவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல இருந்துகொண்டார். திருட்டுத்தனம்தான். ஆனால் அந்தத் திருட்டுத்தனம் இல்லாவிட்டால் இந்தத் தொடரே இல்லை!

எலும்புக்குப் பிறகு தோல் போர்த்தினார்கள். பட்டப்பகல் வெளிச்சத்தில் டைரனோசரஸ் நடக்கும் சோதனைக் காட்சியை ஸ்பீல்பெர்க் பார்த்தார், அருகில் டிப்பெட். இனி நாங்கள் அழிந்துபோன இனம்தான் என்ற பொருளில் டிப்பெட் சொன்னது ஸ்பீல்பெர்க்குக்கு மிகவும் பிடித்துப்போய், படத்தில் வசனமாகவே சேர்ந்துவிட்டது. சொன்னவருக்கோ அது வேடிக்கையில்லை. நிமோனியாவில் படுத்துவிட்டார்.

பொம்மைகள் போயின. ஆனால் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. பல டன் எடையுள்ள மிருகம் காலை ஊன்றும்போது இடுப்பு எப்படி இறங்கும், திரும்புமுன் தலை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் டிப்பெட்டின் ஆட்களுக்கு விரல்நுனியில் இருந்தது. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கோ மிருகம் தெரியாது. ஸ்பீல்பெர்க் டிப்பெட்டை விடவில்லை.

அவர் திரும்பி வந்தபின், அவருடைய கூடத்தில் உலோகத்தால் ஒரு சின்ன டைனோசர் எலும்புக்கூடு உருவானது. கையால் அசைக்கிற பொம்மைதான். ஆனால் அதன் மூட்டுகளிலிருந்து கிளம்பிய வயர்கள் கம்ப்யூட்டருக்குள் போயின. எதற்கு?

(அடுத்த வாரம்)