நெல்லூர் அரிசி, ரங்கூன் அரிசி, நொய்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை நெடுக ஓடும் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். நெல்லூர் அரிசி படகேறிப் பட்டணம் வந்த வழி அது. 1806-இல் எண்ணூர் வரை வெட்டி முடித்தவர் பேசில் காக்ரேன். பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவு சப்ளை செய்து பணம் பார்த்தவர்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடியது. இனி பஞ்சம் வந்தால் தானியம் பறந்து போய்ச் சேரும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். 1876-இல் பஞ்சம் வந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசியும் வந்தது. ஆனால் சென்னையில் அப்போது முறையான துறைமுகம் இல்லை. கப்பல்கள் தள்ளி நிற்க, ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையில் குதித்துக் குதித்து மூட்டைகளைக் கரை சேர்த்தன. மூட்டைகள் வந்த வேகத்துக்கு ரயிலால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடற்கரையில் மலை மலையாக அரிசி கிடக்க, உள்நாட்டில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பஞ்சம் நீடித்த 1877–78-இல் இந்தியா இங்கிலாந்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை அனுப்பியது. விலை கொடுக்க முடிந்தவன் இருக்கும் பக்கம்தான் தானியம் நகரும். பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் கால்வாயால் இணைக்கக் கூலிகள் மண் வெட்டினார்கள். கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பெயர் வாய்த்தது.

பின்னர் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் செட்டியார் பணம் காட்டைக் கழனியாக்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து கூலிகள் கப்பலேற, அங்கிருந்து ரங்கூன் அரிசி இறங்கியது. தரகர் மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் நாலு மணி கொட்டி, பல்லில் கடித்து விலை சொல்வார். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. அடுத்த ஆண்டே சென்னை ரேஷன் வரிசையில் நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமையும் வந்து, சோறு தின்றவரைச் சப்பாத்தி தேய்க்க வைத்தது.

இந்தப் பற்றாக்குறையிலிருந்து மீண்டதற்கு உள்ளூரிலும் ஒரு வேர் உண்டு. கோனாமணி நெல்லில் தானாக முளைத்த ஒரு மாற்றத்தைக் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் கவனித்துப் பிரித்தெடுத்தார்கள். 1921-இல் வெளியான அந்த ஜி.இ.பி. 24-ஐத்தான் கிச்சிலிச் சம்பா என்கிறோம். அதன் பிள்ளை, திருவள்ளூர் அருகே திரூர்க்குப்பத்தில் பிறந்த டி.கே.எம். 6. அது பிலிப்பைன்ஸ் போய் ஐ.ஆர். 20 நெல் ரகத்துக்குப் பெற்றோரில் ஒன்றாகி, 1969-க்குப் பின் தமிழக வயல்களுக்கே திரும்பியது.

இப்போது உலகச் சந்தையில் அதிகமாக அரிசி விற்பது இந்தியா. முக்கிய வாசல், பக்கிங்காம் கால்வாயோடு தொடர்புடைய கால்வாய் வரிசையின் வட கோடியான காக்கிநாடா. அங்கிருந்து நொய் செனகலுக்குப் போகிறது. அங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து மலிவாக இறக்கிப் பழக்கிய ருசி. இன்று அந்நாட்டு விருந்துச் சோறே நொய்யில்தான். நம் வீட்டில் நொய் என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி!

2022 செப்டம்பரில் நொய்க்கும், 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத பச்சரிசிக்கும் தற்காலிக ஏற்றுமதித் தடை வந்தது. அமெரிக்காவின் இந்திய மளிகைக் கடைகளில் குடும்பத்துக்கு ஒரு பை என்று சீட்டு ஒட்டினார்கள். புழுங்கலுக்குத் தடை இல்லைதான். வரிசையில் நிற்பவர் அரசாணையா படிப்பார்? அடுத்த மாதமே புழுங்கலுக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி விழுந்தது.