பாலாற்றங்கரை ஏடுகள்

வாணியம்பாடி! கலைமகள் இங்கே பாடினாள், ஆகவே இப்பெயர் வந்தது என்று தலபுராணம் கூறுவோர் உளர். பேச்சிழந்த தேவிக்குப் பேச்சு திரும்பிற்றாம். அதை ஊர்ப்பெயர் பறைசாற்றுகிறதாம்! வாணியர் என்போர் செக்காட்டி எண்ணெய் எடுத்த மக்கள், பாடி என்பது குடியிருப்பு என்ற எளிய பொருள் அவர்கட்குத் தோன்றுவதில்லை. செக்கடியில் சிந்திய வியர்வையைக் காட்டிலும் தேவியின் பாட்டு இனிக்கிறது போலும். போகட்டும். புராணத்தோடு வழக்காட நாம் வரவில்லை. ஊரின் உண்மைக் கதையை எங்கே தேடுவது என்பதே நம் கேள்வி.

வரலாற்று நூல்களைப் புரட்டினால் என்ன கிடைக்கிறது? 1767-இல் ஐதர் அலி இவ்வூரைக் கைப்பற்றினான். பிறகு ஆம்பூரை முற்றுகையிட்டான். அங்கே கால்வர்ட் என்ற கும்பெனிக் கேப்டன் கோட்டையைக் காத்து நின்றான். கேப்டனின் பெயர் உண்டு, கோட்டையின் பெயர் உண்டு. அந்தப் படைகளுக்குச் செருப்பும் சேணமும் தைத்தவன் பெயர் உண்டா? தேடிப் பாருங்கள், கிடைக்காது.

மாவட்டக் கையேடு என்று ஒன்றை வெள்ளையர் ஆட்சி எழுதி வைத்தது. காக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1881-இல் வெளிவந்தது. பின்னர் 1890-களில் ஸ்டூவர்ட் அதைத் திருத்தி விரித்தார். வட ஆர்க்காட்டு மண், மழை, பயிர், சாதி, வரி யாவும் அதில் அடக்கம். ஒரு காலத்தில் அந்நூலைக் காணச் சென்னைக்கு இரயிலேற வேண்டும்; ஏறினாலும், ‘நீ யார், எதற்கு?’ என்று கேட்கும் மேசைகளைத் தாண்ட வேண்டும். இன்றோ அது இணையத்தில் இருக்கிறது. கட்டணமின்றிப் படிக்கலாம்.

படிக்கலாம், சரி. எவர் படிக்கலாம்? கணினி உள்ள வீட்டான் மட்டுமா? இங்கேதான் பொது நூலகத்தின் பெருமை விளங்குகிறது. 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற் சட்டம். சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் பல்லாண்டுகள் வற்புறுத்தியதன் விளைவு அது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நூலகம் நம் காசில் நடக்கிறது, எவருடைய பிச்சையும் அன்று. கோயில் வாயிலில் குலம் கேட்ட நாடு இது. கிணற்றடியில் தள்ளி நில் என்ற நாடு இது. அந்நாட்டில், தோல் ஷாப்பில் உழைத்து வந்தவனும் முதலாளியின் மகனும் ஒரே பலகையில் அருகருகே அமரலாம் என்று சட்டம் வைத்த இடம் ஒன்று உண்டென்றால் அது சிறிய செய்தியா? முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படிக்கக் கற்ற தலைமுறை இதன் அருமையை அறியும். அந்த நூலகத்திற் கணினியும் இணையமும் இருக்குமானால், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வளர்ந்து தந்த மின்னூலகமும் அதே பலகைக்கு வந்து சேருகின்றன.

ஆனால் ஊர் முழுவதும் அங்கே இல்லை. 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் 200 பேருக்கு மேல் மாண்டனர். மேலே மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்த வெள்ளம் அது. ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது. இன்று மணலாய்க் கிடக்கும் ஆறா இத்தனை உயிரைக் குடித்தது என்று பிள்ளைகள் வியக்கும். இறந்தோர் எத்தெருவினர், மீந்தோர் எங்கே குடியேறினர்? இதைச் சொல்ல வல்லவை வீட்டுப் பரண்களில் உள்ள பத்திரங்களும் பாட்டிமார் நினைவுகளுமே.

தோல் தொழிலும் அப்படித்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் பதமான தோல் கப்பலேறிற்று. பின்னர் குரோமிய உப்பு வந்தது, வேகம் வந்தது. கழிவு ஆற்றில் இறங்கியது. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானது என்று அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. பாலாற்று உழவனின் அழுகை அவ்வாறு உலகத்தார் படிக்கும் சட்ட ஏடாயிற்று. அதுவும் இணையத்தில் கிடைக்கிறது. சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்றவனின் கூலிச் சீட்டோ எங்கும் இல்லை. அது குப்பை என்று எரிக்கப்பட்டது.

குப்பை! கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படி எண்ணவில்லை. நூலோடு நாடக அறிவிப்பையும் அழைப்பிதழையும் துண்டறிக்கையையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. நல்லவேளை, அது கடல் கடக்கவில்லை, சென்னையிலேயே நூலகமாயிற்று. நாம் எறிந்ததன் மதிப்பை அயலான் சொல்லி அறிந்தோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வூரின் பழந்தாள்களிற் பல உருதுவில் உள்ளன. 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பிய ஊர் இது. அக்கல்லூரியில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் பல்லாண்டுகள் தமிழ் பயிற்றினார். தமிழ் மட்டும் அறிந்தவன் ஊர்க்கதையில் பாதியைத்தான் படிப்பான். உருது நூல்களை மின்வடிவாக்கும் ரேக்தா 2013 முதல் இயங்கி வருகிறது. உருது அறிந்த முதியவரும் தட்டச்சு அறிந்த இளைஞனும் ஒரே கணினி முன் அமர்ந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். பரணில் உள்ள கணக்கேட்டை விற்கும் முன் நூலகத்தில் காட்டுங்கள். படமெடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தரலாம். தோல் ஷாப்பில் பட்டை இடித்த கைகள் இன்னும் சில இவ்வூரில் உள்ளன. அவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்த ஞாயிறே போகலாம்.