பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வந்ததும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆடி மாசத்துக் கணவாய்க் காற்று பஸ்ஸையே ஒரு தள்ளு தள்ளும். அப்போதும் நாலைந்து மட்டும் சும்மா நிற்கும். ரிப்பேர் என்றுதான் நினைப்போம். எல்லாமே ரிப்பேர் இல்லை.

ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. காத்திருப்பது ஒரு நிலை. சுற்றத் தொடங்குவது, மின்சாரம் கொடுப்பது, பிரேக் போட்டு நிற்பது என்று இன்னும் மூன்று. காற்று நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வந்தால் ஒரு தாவல். 25 மீட்டரைத் தாண்டினால் பிரேக். நிலைகளும் தாவல்களுமான இந்தக் கணக்குக்குப் பெயர் ஸ்டேட் மெஷின். 1955-ல் ஜார்ஜ் மீலியும், 1956-ல் எட்வர்ட் மூரும் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். லிஃப்ட், டிராஃபிக் சிக்னல் எல்லாம் இந்த வம்சம்தான்.

சங்கடம் எங்கே என்றால், திடீரென்று கரண்ட் லைன் போய்விட்டால் சுற்றிக்கொண்டிருக்கும் எந்த நிலையிலிருந்தும் பிரேக்குக்குப் போயாக வேண்டும். பழைய முறைப்படி ஒவ்வொரு நிலையிலிருந்தும் தனித்தனி அம்பு வரையணும். நாலு நிலைக்குச் சரி. நானூறு என்றால்? ஒரு அம்பை மறந்தாலும் போதும், சுமை இல்லாத இறக்கை தறிகெட்டுச் சுற்றும்.

1983 வாக்கில் இஸ்ரேலில் லாவி என்ற போர் விமானத்தை உருவாக்கியவர்களுக்கும் இதே தலைவலி. ஆலோசனை சொல்லப் போனவர் டேவிட் ஹாரெல், கணித ஆசாமி. இன்ன நேரத்தில் இந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். அவரவர் பகுதியை அவரவர் கரைத்துக் குடித்திருந்தார்கள். மொத்த விமானத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஆளில்லை! ஹாரெல் நிலைகளைப் பெட்டிக்குள் பெட்டியாக வரைந்தார். வெளிப்பெட்டியிலிருந்து ஒரே அம்பு. உள்ளே இருக்கும் அத்தனை நிலைக்கும் அது செல்லும். 'ஸ்டேட்சார்ட்' என்ற அந்தக் கட்டுரை வெளியானது 1987-ல். அதே வருஷம் லாவி திட்டம் கைவிடப்பட்டது.

இன்று புரோகிராம் எழுதும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் லைப்ரரியாகவே கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எக்ஸ்ஸ்டேட், சி பிளஸ் பிளஸ்ஸுக்கு பூஸ்ட் தொகுப்பில் ஒன்று. எதை எடுப்பது? பிரபலமானது எது என்று தேடுமுன் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஐந்தாறு நிலைதான் என்றால் லைப்ரரியே வேண்டாம், ஒரு அட்டவணை போதும். 'எங்கிருந்தாலும் நில்' வகை அம்புகள் பெருகினால், பெட்டிக்குள் பெட்டி தெரிந்த லைப்ரரியைத்தான் எடுக்கணும்.

இன்னொன்றும் பார்க்கணும். தடங்கல் தீர்ந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடருவதற்கு 'ஹிஸ்டரி' என்றொரு வசதியை ஹாரெல் வைத்தார். எல்லா லைப்ரரியிலும் அது கிடையாது. பாதியில் நின்ற பாட்டைத் தொடர அது ரொம்ப சௌகரியம். முப்பந்தலுக்கு ஆகாது. கரண்ட் திரும்பி வருவதற்குள் அங்கே காற்று மாறியிருக்கும். முதலிலிருந்து அளந்து பார்த்துத்தான் பிரேக்கை விட வேண்டும்.