தலை திரும்பாத சிசுவும் இடுப்பின் அளவும்: படமெடுத்துத் திட்டமிட்ட பிரசவத்தின் வரலாறு

நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு சிசுக்கள் தலை திரும்பாமலே இருந்துவிடுகின்றன. பிட்டமோ காலோ முந்திவரும் இப்பிரசவத்தில் மருத்துவர் அஞ்சுவது கடைசியாக வரும் தலைக்குத்தான். முந்தி இறங்கும் தலை, மணிக்கணக்கில் எலும்போடு அழுந்தித் தன்னை ஒடுக்கிக்கொள்ளும். பிந்தி வரும் தலைக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஏற்கெனவே பெற்றவளின் இடுப்புக்கு முந்தைய பிரசவமே அத்தாட்சி. தலைச்சன் பிரசவத்தில் அது கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கவே இடுப்பை அளக்கும் முறைகளை நாடினார்கள்.

தொடக்கத்தில் கையே கருவி. மருத்துவர் இரு விரல்களை உள்ளே செலுத்தி, திருவெலும்பின் மேல்முனையைத் தொட முயல்வார். தொட்டுவிட்டால், முன்பக்க இடுப்பெலும்பின் கீழ்விளிம்பு கையில் படும் இடத்தைக் குறித்துக்கொண்டு வெளியே எடுத்து அளப்பார். அதில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டரைக் கழித்தால் இடுப்பு நுழைவாயிலின் முன்பின் அளவு வரும். கழித்தல் கணக்கு தோராயம்தான். முனை எட்டாவிட்டால் ‘இடம் தாராளம்’ என்று முடிவுகட்டுவார்கள்.

எக்ஸ்ரே வந்தபின் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. நியூயார்க்கின் கால்டுவெல்லும் மொலாயும் 1933இல் பெண்களின் இடுப்பை நான்கு வடிவங்களாகப் பிரித்தார்கள். பாடநூல்கள் இன்னும் அதைச் சுமக்கின்றன. ஆனால் 1950களில் ஆக்ஸ்போர்டின் ஆலிஸ் ஸ்டுவர்ட், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களிடையே, கர்ப்பகாலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் மற்ற தாய்மார்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று காட்டினார். அதை மருத்துவ உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தது. 1980களில் சி.டி.யும், கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ.யும் இப்பணிக்கு வந்தன.

படம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை நேர்மையாகச் சோதித்தது, 1997இல் ‘லான்செட்’ இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வு. தலை திரும்பாத சிசுவைச் சுமந்த 235 பெண்களுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒரு பாதியினரின் அளவுகளை மட்டும் மருத்துவரிடம் கொடுத்து, மறுபாதியை மறைத்துவைத்தார்கள். மொத்த சிசேரியன் விகிதம் முறையே 42, 50 சதவீதம். புள்ளியியல்படி இதைப் பெரிய வேறுபாடாகக் கொள்ள இயலாது. அவசர சிசேரியனோ 35இலிருந்து 19 சதவீதமாக இறங்கியது. பிறந்த சிசுக்களின் நிலையில் வித்தியாசமில்லை. என் வாசிப்பில் இந்த ஆய்வின் சாரம் இதுதான்: படம் கத்தியைத் தவிர்க்கவில்லை, வலி கண்டபின் நடுவழியில் ஓடவேண்டிய ஆபரேஷனை முன்கூட்டியே தேதி குறித்ததாக மாற்றியது. இதைச் சிறு லாபம் என்று ஒதுக்க முடியாது.

அந்த லாபத்தைப் பேசுவதற்குள் காற்று திசைமாறிவிட்டது. 26 நாடுகளில் இத்தகைய 2,088 பெண்களிடம் ஆய்வாளர் ஹன்னாவின் குழு நடத்திய ஆய்வு 2000இல் வந்தது. சிசு இறப்பும் கடும் பாதிப்பும் திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், இயல்பு வழியைத் திட்டமிட்டோரிடம் 5. உலகெங்கும் மருத்துவமனைகள் கத்தியின் பக்கம் சாய்ந்தன. அந்த ஆய்வில் இடுப்புப் படம் கட்டாயமில்லை என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. தாய்மார்களை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் வழக்கம் வேரூன்றிய பிரான்ஸ், பெல்ஜியத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த பிரெமோடா ஆய்வு (2006), இரு வழிக்குமிடையே அத்தகைய இடைவெளியைக் காணவில்லை. அதற்குப் படம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. பிரசவ அறையில் நின்றவர்களின் கைப்பழக்கமும் கணக்கில் உண்டு.

படமெடுத்து இடுப்பை அளக்கும் முறையை இன்று விடாமல் பிடித்திருப்பதில் முக்கியமானது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. தலைச்சன் தாய்க்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, நுழைவாயிலின் முன்பின் அளவு 12 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிசேரியனைப் பரிந்துரைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தாய் மண்டியிட்ட நிலையில் பிரசவம் பார்ப்பதும் அதே மருத்துவமனைதான். அங்கு 2014இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, மண்டியிட்டுக் குந்தும்போது இடுப்பின் நடுப்பகுதியும் வெளிவாயும் அகல்கின்றன, நுழைவாயிலின் முன்பின் அளவு சற்றுக் குறைகிறது. மல்லாந்து படுத்தவளிடம் எடுத்த 12 என்ற எண், எழுந்து மண்டியிட்டவளுக்கு எவ்வளவு பொருந்தும்? பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2017 வழிகாட்டியில் இடுப்பு அளவீட்டின் பங்கு தெளிவாகவில்லை என்றே எழுதியது. ஃபிராங்க்ஃபர்ட் தரவுகளைக் கொண்டும் இதைத் தீர்ப்பது கடினம்: 12க்குக் குறைந்தவர்களைப் பெரும்பாலும் முன்பே சிசேரியனுக்கு அனுப்பிவிடுவதால், அவர்களில் எத்தனை பேர் இயல்பாகப் பெற்றிருப்பார்கள் என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது.