இத்யாதி டைரக்டரி

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வருக்கு அப்டேட் போட்டு ரீபூட் பண்ணினேன். எழுந்து வந்த சர்வீஸ் என் செட்டிங்கை எல்லாம் மறந்திருந்தது. ரெண்டு மாசம் முன்னாடி அதன் யூனிட் ஃபைலை நான்தான் திருத்தினேன். ஆனா திருத்தின இடம் /யூஎஸ்ஆர்/லிப். அது பேக்கேஜோட சொத்து; புது வெர்ஷன் வந்தா கேட்காம கொள்ளாம மேலே எழுதிடும். /எட்சி-யில் வைத்திருந்தால் தப்பியிருக்கும். விடியற்காலை மூணு மணிக்கு இந்த ஞானம்!

இத்தனைக்கும் எட்சிக்கு அப்படியொன்றும் பெரிய வம்சம் கிடையாது. பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் எழுதினப்போ, வேறெங்கும் அடங்காததைப் போட்ட இடம் அது. எட்செட்ரா, அதாவது இத்யாதி. எங்க வீட்டுப் பரண் மாதிரி. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் பாஸ்வேர்ட் ஃபைல் பக்கத்திலேயே இனிட், கெட்டி, மவுண்ட் என்று ஓடுகிற புரோகிராம்களும் குடியிருந்தன. இன்னிக்கு மவுண்டை எட்சியில் தேடினா சிரிப்பாங்க.

பிற்பாடு புரோகிராம்கள் எஸ்பின் மாதிரி இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. லினக்ஸில் ஆளாளுக்கு ஒரு அமைப்பு வைத்திருந்ததால், டேனியல் குவின்லன் ஒருங்கிணைப்பில் 1994 பிப்ரவரியில் ஒரு பொது வரையறை வந்தது. அதன் வாரிசுதான் எஃப்ஹெச்எஸ்; 3.0 பதிப்பு 2015-ல். எட்சியில் பைனரி கூடாது, அந்த மெஷினுக்கே உரிய கான்ஃபிகரேஷன் மட்டும் என்கிறது. டெபியன் இன்னும் ஒரு படி மேலே: கான்ஃபிக் ஃபைலில் நீங்க பண்ணின மாற்றத்தை அப்கிரேட் அழிக்கக் கூடாது என்பது அங்கே விதி. "உன்னுதை வச்சுக்கவா, புதுசைப் போடவா?"ன்னு டிபிகேஜி நச்சரிக்கிறதே, அது இதனால்தான். நான் எத்தனை தடவை அதைத் திட்டியிருக்கேன் :-)

2010-ல் வந்த சிஸ்டம்டி இதை ரெண்டாப் பிரிச்சது. தயாரிப்பாளர் தரும் யூனிட் ஃபைல் யூஎஸ்ஆரில், நம்முடைய திருத்தம் எட்சியில்; ஒரே பேரில் ரெண்டும் இருந்தால் எட்சிதான் ஜெயிக்கும். அடிபட்டவன் சொல்றேன், இது நல்ல ஏற்பாடு. யார் எழுதினதுன்னு ஃபைலைத் திறக்காமலே தெரியுதே.

மறுநாள் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து என் நாலு வரியை எட்சிக்குள் வைத்தேன். அப்புறம் மறுபடி ரீபூட், கையைப் பிசைந்துகொண்டு. வந்துடுச்சு.

பி.கு: எட்சி என்றால் 'எடிட்டபிள் டெக்ஸ்ட் கான்ஃபிகரேஷன்' என்று இன்டர்வியூவில் நானே சொல்லியிருக்கேன். அது பின்னாளில் ஒட்டவைத்த விரிவாக்கம். வேலை கிடைச்சுது, அது வேற கதை.