லாரி ஓட்டுநர் இதழும் தனித்தெழுதுவோரும்

இலக்கிய வரலாறு வரையப் புகுவோர் பெரும்பாலும் பெருநூல்களையே நோக்குவர். உழைப்பாளர் கையில் புழங்கும் இதழ்களை நோக்குவார் சிலரே. எனினும், உரைநடையின் ஆற்றலை அளந்தறிதற்கு அவையும் உரியனவே. அமெரிக்க நாட்டில் லாரி ஓட்டுநர்க்கென எழுந்த 'ஓவர்டிரைவ்' இதழைச் சான்றாகக் கொண்டு, அத்தகைய இதழில் எழுதுவார்க்கு வேண்டும் தகுதி யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்விதழை 1961-இல் தொடங்கிய மைக் பார்க்கர்ஸ்ட், தாமே முன்னர் லாரி ஓட்டியவர். சொந்த வண்டியைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் தனி ஓட்டுநரே அவர் கருதிய வாசகர். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநிலம் விட்டு மாநிலம் கூலிக்குச் சரக்கேற்ற மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் உரிமம் வேண்டியிருந்தது. பதப்படுத்தப்படாத விளைபொருள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு இருந்தது. ஆகவே, உரிமமற்ற ஓட்டுநர் காய்கனிகளைக் கொண்டு சேர்த்தபின், உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு வண்டியைக் குத்தகைக்கு விட்டாலன்றி, பல வேளை வெறும் வண்டியுடன் திரும்ப நேர்ந்தது.

தொழில் இதழ்களில் மாத ஊதியம் பெறுவோரேயன்றி, கட்டுரைக்குக் கட்டுரை கூலி பெறுவோரும் எழுதுவது அந்நாட்டு வழக்கு. இவரைத் 'தனித்தெழுதுவோர்' என்போம். எவ்விதழ் எத்தகைய கட்டுரையை ஏற்கும், என்ன கூலி தரும் என்பவற்றை, 1920களில் தோன்றிய 'ரைட்டர்ஸ் மார்க்கெட்' என்னும் கையேடு இவர்க்குத் தொகுத்துரைத்தது. ஓட்டுநர் மைலுக்கு இவ்வளவு எனப் பெறுவது போல, இவர் பல இதழ்களிற் சொல்லுக்கு இவ்வளவு எனப் பெறுவர். காத்திருக்கும் பொழுதுக்குக் கூலியின்மை இருவர்க்கும் பொது. இவ்வொப்புமை பரிவைத் தரலாம். ஆயின், பரிவு மட்டும் போதாது. குத்தகை ஒப்பந்தத்தின் ஒரு விதியைப் பிறழ எழுதின், அதனை நம்பிய வாசகர் பொருளிழப்பர்.

உண்மையறிந்த எழுத்து எத்துணை வலியுடையது என்பதற்கு ஜிம் டிரிங்க்கால் சான்றாவார். 1970களின் தொடக்கத்தில், டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் மத்திய மாநிலங்கள் ஓய்வூதிய நிதியில் நிகழ்ந்த முறைகேடுகளை இவ்விதழில் அவர் ஆராய்ந்தெழுதினார். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்குக் கடனாகச் சென்றது, ஓட்டுநரின் முதுமைக்கென ஒதுக்கிய பணமாகும். பெருநாளிதழ்கள் பின்னர் விரித்துரைத்த செய்தியை ஓட்டுநர் இதழொன்று முன்னரே கூறிற்று என்பது கருதத்தக்கது.

1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மணிக்கு 55 மைல் என்னும் வேக வரம்பு சட்டமாயிற்று. மைலுக்குக் கூலி பெறுவார்க்கு இது வருவாய் இழப்பேயாம். வண்டிகளை நிறுத்திப் போராடிய ஓட்டுநர் சார்பில் பேசியோருள் பார்க்கர்ஸ்டும் ஒருவர்.

உரிமக் கட்டுப்பாட்டை 1980-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் தளர்த்திற்று. 1995-இல் ஆணையமே கலைக்கப்பெற்றது. ஆயின், திறந்த கதவின் வழியே பலர் புகுந்தமையாற் போட்டி மிகுந்து, சரக்குக் கட்டணம் வீழ்ந்தது. வேண்டிப் பெற்ற உரிமையே வருவாயைக் குறைத்தது!

ஆகவே, உழைப்பார்க்கு எழுதுவோர் அவர்தம் குறைகளை உரைப்பதோடு அமையலாகாது. அவர் வேண்டுவது கிட்டின் விளைவு யாதாகும் என்பதையும் கணக்கிட்டுரைத்தல் வேண்டும். படிப்பவரின் அன்றாட உணவு தம் சொல்லைச் சார்ந்துள்ளது என்னும் அச்சமே இவ்வகை எழுத்துக்கு முதல் இலக்கணம் என்பது எம் துணிபு.