கணக்கில் வராத 1,330 வாக்: டிம் ரெய்ன்ஸ் கதை

இன்னிக்கு எபிசோட் பேஸ்பால் பத்தி. "எனக்கு அந்த ஆட்டமே தெரியாதே"ன்னு நினைக்கிறவங்களும் தாராளமா கேக்கலாம். தேவையான விதிகள் ரொம்பக் கொஞ்சம், போற வழியிலேயே சொல்லிடறேன்.

முதல்ல ரெண்டு ஆட்டக்காரர்களோட கணக்கு. பேர் அப்புறம்.

ரெண்டு பேரும் 1980கள்லயும் 90கள்லயும் அமெரிக்க மேஜர் லீக்ல ஆடினவங்க. ரெண்டு பேரும் பத்தாயிரத்துச் சொச்சம் தடவை மட்டை பிடிச்சு நின்னவங்க. முதல் ஆள், எல்லா வழியும் சேர்த்து, 3,955 தடவை பேஸுக்குப் போனார். ரெண்டாவது ஆள் 3,977 தடவை. முதல் ஆள் 135 ஹோம் ரன், ரெண்டாவது ஆள் 170. முதல் ஆள் திருடின பேஸ் 319, ரெண்டாவது ஆள் 808.

நியூயார்க் மாநிலத்துல கூப்பர்ஸ்டவுன்னு ஒரு சின்ன ஊர். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அங்கதான் இருக்கு. உள்ளே போக, விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் போடுற ஓட்டுல 75 சதவீதம் வேணும். முதல் ஆள் 2007ல, முதல் முயற்சியிலேயே 97.6 சதவீதம் வாங்கி உள்ளே போனார். அடுத்த வருஷம் ரெண்டாவது ஆள் பேர் பட்டியல்ல வந்தது. அவருக்குக் கிடைச்சது 24.3 சதவீதம்.

முதல் ஆள் சான் டியேகோ அணியின் டோனி க்வின். ரெண்டாவது ஆள் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியில் பேர் வாங்கின டிம் ரெய்ன்ஸ். க்வின் மாபெரும் பேட்டர், அவரைக் குறைச்சுச் சொல்ல ஒண்ணுமே இல்ல. அவருக்கு 97 சதவீதம் நியாயம்தான். கேள்வி ரெய்ன்ஸ் பத்தி. கிட்டத்தட்ட அதே வேலையைச் செஞ்ச ஒருத்தரை நாலுல மூணு பேர் ஏன் பார்க்கல?

இதுக்குப் பதில் 19ஆம் நூற்றாண்டுல இருக்கு.

ஹென்றி சாட்விக் இங்கிலாந்துல பிறந்து, சின்ன வயசுலயே அமெரிக்கா போனவர். நியூயார்க் பத்திரிகைகளுக்கு முதல்ல எழுதினது கிரிக்கெட் செய்திகள். அப்புறம் பேஸ்பால் பக்கம் வந்து, ஒரு முழு ஆட்டத்தையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள அடக்குற 'பாக்ஸ் ஸ்கோர்' முறையை வளர்த்தார். இன்னிக்கு பேஸ்பாலை எண்களாப் பார்க்கிற பழக்கம் பெருமளவு அவர் போட்ட பாதைதான்.

பேஸ்பால்ல பேட்டர் முதல் பேஸுக்குப் போக முக்கியமா ரெண்டு வழி. ஒண்ணு, அடிச்சு ஓடுறது. அது ஹிட். இன்னொண்ணு, எல்லைக்கு வெளியே வர்ற பந்துகளை அடிக்காம விடுறது. இன்றைய விதிப்படி அப்படி நாலு பந்து வந்தா, பேட்டர் மட்டையைக் கீழே போட்டுட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அது வாக்.

கிரிக்கெட்ல வைடு போட்டா ரன் எக்ஸ்ட்ராஸ்ல சேரும், பேட்ஸ்மேன் பேர்ல சேராது. தப்பு பந்து வீசினவரோடது. சாட்விக் வாக்கையும் இதே கண்ணாலதான் பார்த்தார். அதுல பேட்டரோட திறமை என்ன இருக்குன்னு கேட்டார். 1870கள்ல பேட்டிங் ஆவரேஜ் பரவினப்போ, அது ஹிட்டை மட்டுமே எண்ணும் கணக்கா நிலைச்சுடுச்சு. வாக் போனா அந்தத் தடவை வகுக்கும் எண்ணிலும் வராது, வகுபடும் எண்ணிலும் வராது. நீங்க மட்டை பிடிச்சு நின்னதே நடக்காத மாதிரி. 1887ல ஒரே ஒரு வருஷம் வாக்கையும் ஹிட்டா எண்ணிப் பார்த்தாங்க. எல்லார் ஆவரேஜும் எகிறிப் போக, அடுத்த வருஷமே விட்டுட்டாங்க.

இதுல என்ன தப்பு? ஒரு வழக்கமான ஆட்டத்துல ஒரு அணிக்கு 27 அவுட்தான். நேரக் கட்டுப்பாடோ ஓவர் கணக்கோ கிடையாது. 27 அவுட் முடியற வரைக்கும் எத்தனை பேர் வேணும்னாலும் மட்டை பிடிக்கலாம். அப்படின்னா அணியோட கையிருப்பே அந்த 27 அவுட்தான். அதைச் செலவு பண்ணாம இருக்கிறதே பேட்டரோட முதல் வேலை. எந்தப் பந்தை அடிக்கக் கூடாதுன்னு அரை நொடிக்குள்ள முடிவெடுக்கிறது ஒரு அபூர்வத் திறமை. ஆவரேஜ்ல அது பூஜ்யம்.

நம்ம வேலை பாஷையில சொன்னா, டேட்டா இருந்துச்சு, டாஷ்போர்டுல இல்ல. வாக் எல்லாம் பதிவாகிட்டுதான் இருந்தது. ஆனா பேப்பர்ல, டிவில, ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில எல்லாரும் பார்த்த முதல் எண் ஆவரேஜ்.

கேள்வி கேட்டவங்க இல்லாம இல்ல. 1947ல புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, மான்ட்ரியல்காரரான ஆலன் ராத் என்பவரை முழுநேரப் புள்ளிவிவரக்காரரா வேலைக்கு எடுத்தார். 1954ல ரிக்கி 'லைஃப்' இதழ்ல எழுதின கட்டுரை, பேஸை எத்தனை தடவை எட்டினார் என்பதுதான் முக்கியம்னு சமன்பாடு போட்டுச் சொன்னது. பெரிசா யாரும் கண்டுக்கல. அந்தக் கணக்கை, அதாவது ஆன்-பேஸ் பர்சன்டேஜை, மேஜர் லீக் அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது 1984ல. சரியா 30 வருஷம் கழிச்சு.

நடுவுல ஒருத்தர் வந்தார். கான்சாஸ் மாநிலத்துல, பீன்ஸை டின்ல அடைக்கிற ஒரு ஆலையில இரவுக் காவலாளியா வேலை பார்த்த பில் ஜேம்ஸ். ராத்திரி நேரத்துல பாக்ஸ் ஸ்கோர்களை வெச்சு கணக்குப் போட்டு, 1977ல 'பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்' என்ற சின்னப் புத்தகத்தைத் தானே அச்சடிச்சு வித்தார். முதல் வருஷம் நூறு பிரதி கூடப் போகல. இந்தத் துறைக்கு 'சேபர்மெட்ரிக்ஸ்'னு பேர் வெச்சதும் அவர்தான். ப்ராட் பிட் நடிச்ச 'மணிபால்' படம் பார்த்திருப்பீங்க. 2002ல ஓக்லண்ட் அணி, முழங்கை நரம்பு பாதிச்சு விக்கெட் கீப்பர் மாதிரியான தன் இடத்தையே இழந்த ஸ்காட் ஹாட்டபர்க்கை வாக் வாங்கும் திறமைக்காகவே எடுத்த கதைக்கு விதை இங்கதான்.

இப்போ ரெய்ன்ஸுக்கு வருவோம்.

1981ல இருந்து மான்ட்ரியலுக்கு முழுநேரமா ஆடினார். குள்ளமான, கட்டையான உடம்பு, 'ராக்'னு பட்டப்பேர். முதல் ஆளா மட்டை பிடிக்கிற லீட்-ஆஃப் பேட்டர். பேஸ் திருடப் போனா நூத்துக்கு 84 தடவைக்கு மேல ஜெயிச்சார். 808 திருட்டுக்கு, மாட்டினது 146 தடவை மட்டும். திருட்டுல மாட்டினா ஒரு அவுட் வீண், அதனால இந்த விகிதம்தான் அதோட நிஜ மதிப்பு. ஹிட் 2,605. வாக் 1,330. க்வின்னோட வாக் 790. ஹிட்டுல க்வின் ஓடிப்போன தூரத்தை ரெய்ன்ஸ் நடந்தே பிடிச்சார்.

அவருக்கு எதிரா நின்னது ஆவரேஜ் மட்டும் இல்ல. அதே காலத்துல அதே மாதிரி வேலை பார்த்தவர் ரிக்கி ஹெண்டர்சன். 1,406 பேஸ் திருடினவர். வரலாற்றின் தலைசிறந்த லீட்-ஆஃப் பேட்டர் பக்கத்துலயே நின்னா, ரெண்டாவது சிறந்தவர் சாதாரணமாத் தெரிவார். ஆடின ஊர் மான்ட்ரியல், பிரெஞ்சு பேசுற கனடா நகரம், அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் கண்ணுக்குத் தூரம். 2005ல அந்த அணியே வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்துடுச்சு, அவரை நினைவுல வெச்சுக் கொண்டாட ஒரு சொந்த ஊர் அணி கூட மிஞ்சல. 1982ல கொக்கெயின் பழக்கத்துக்கு ஆளாகி, சிகிச்சை எடுத்து, அதை வெளிப்படையா ஒத்துக்கிட்டவர் அவர். அதையும் சிலர் மறக்கல.

இன்னொரு அநியாயமும் நடந்தது. 1986ல 0.334 அடிச்சு பேட்டிங் பட்டம் வாங்கினார். ஒப்பந்தம் முடிஞ்சது, எந்த அணிக்கும் போகலாம். ஆனா ஒரு நல்ல விலை கூட வரல. அணி முதலாளிகள் பிறர் ஆட்டக்காரர்களை எடுக்கக் கூடாதுன்னு கூட்டுச் சேர்ந்திருந்தாங்க. பின்னாடி நடுவர் தீர்ப்புகள்ல இது நிரூபணமாகி, 1990ல 28 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டாங்க. விதிப்படி பழைய அணி 1987 மே 1 வரைக்கும் அவரை மறுபடி எடுக்க முடியாது. மே 2ஆம் தேதி, பயிற்சி முகாமே இல்லாம, நேரா நியூயார்க் மெட்ஸுக்கு எதிரா இறங்கினார். 4 ஹிட். பத்தாவது இன்னிங்ஸ்ல, மூணு பேஸும் நிரம்பியிருக்க, கிராண்ட் ஸ்லாம். எக்ஸ்போஸ் ஜெயிச்சது.

2001லயே பில் ஜேம்ஸ் தன் புத்தகத்துல, வரலாற்றின் லெஃப்ட் ஃபீல்டர்கள்ல ரெய்ன்ஸுக்கு எட்டாவது இடம் குடுத்தார். ஓட்டு போட்டவங்க அங்க வந்து சேர நேரம் ஆச்சு. 2009ல ஹெண்டர்சன் முதல் முயற்சியிலேயே உள்ளே போக, ரெய்ன்ஸ் 22.6க்கு இறங்கினார். அப்புறம் ரசிகர்கள் இணையத்துல வருஷா வருஷம் இதே கணக்கை எடுத்து வெச்சாங்க: வாக்கையும் எண்ணிப் பாருங்கன்னு. 2012ல 48.7. ஏறிட்டு இருக்கும்போதே, 2014ல ஹால் ஆஃப் ஃபேம் விதி மாறுச்சு. பட்டியல்ல 15 வருஷம் இருக்கலாம்னு இருந்தது 10 வருஷமாச்சு. ரெய்ன்ஸுக்கு அஞ்சு வருஷம் அப்படியே போச்சு. 2016ல 69.8. 2017, பத்தாவது, கடைசி வருஷம்: 86 சதவீதம். உள்ளே போயிட்டார்.

அந்தப் பத்து வருஷத்துல அவர் ஒரு ஹிட் கூட அடிக்கல. அவரோட எண்கள்ல ஒண்ணும் மாறல. படிக்கிறவங்க கண்ணு மாறுச்சு, அவ்வளவுதான். இதே புது விதி முன்னாடியே இருந்திருந்தா, பிட்சர் பெர்ட் ப்ளைலெவன் உள்ளேயே வந்திருக்க மாட்டார். 1998ல 17.5 சதவீதத்துல ஆரம்பிச்சு, 2011ல தன் 14ஆவது வருஷத்துலதான் 79.7 வாங்கினார்.

எல்லாருக்கும் இப்படி முடியல.

சிகாகோ கப்ஸ் அணியின் ரான் சான்டோ. 342 ஹோம் ரன், 1,108 வாக், நீரிழிவோட ஆடினவர். 1980ல முதல் ஓட்டு 3.9 சதவீதம். பின்னாடி பட்டியல்ல மறுபடி சேர்த்தும் பத்திரிகையாளர் ஓட்டுல ஜெயிக்கவே இல்ல. 2010 டிசம்பர்ல இறந்துபோனார். 2011 டிசம்பர்ல, ஒரு சிறப்புக் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வருஷம் பிந்தி.

டெட்ராய்ட் டைகர்ஸின் லூ விட்டேக்கர். 19 சீசன், ஒரே அணி, செகண்ட் பேஸ், 1,197 வாக். 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கினா பட்டியலை விட்டே போகணும். 2001ல அவருக்குக் கிடைச்சது 2.9 சதவீதம், ஒரே வருஷத்துல வெளியே. ஒருத்தரோட பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங் எல்லாத்தையும் ஒரே எண்ணாக்குற 'வார்' கணக்குப்படி அவருக்கு 75. அதுக்கப்புறம் உள்ளே போன செகண்ட் பேஸ்காரர்கள் சாண்ட்பெர்க், அலோமார், பிஜியோ மூணு பேரும் 70க்குக் கீழே. 1977ல விட்டேக்கரோட ஒரே நாள்ல அறிமுகமாகி, பல வருஷம் பக்கத்துலயே நின்னு ஃபீல்டிங் பண்ண ஆலன் ட்ராமெல் 2018ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ந்தார். 2019ல விட்டேக்கரைப் பத்தி மறுபரிசீலனை வந்தப்போ, 16 ஓட்டுல 12 தேவை, கிடைச்சது 6.

'வார்' கடவுள் வாக்கு இல்ல. குறிப்பா பழைய கால ஃபீல்டிங்கை எண்ணாக்குறதுல நிறைய மதிப்பீடு இருக்கு. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மாதிரி கணக்குப் போடுது. நாளைக்கு வேற ஏதோ ஒரு திறமை இந்தக் கணக்குலயும் விட்டுப்போச்சுன்னு தெரியலாம். சாட்விக்கும் முட்டாள் இல்ல. தனக்குத் தெரிஞ்ச ஆட்டத்தோட நியாயத்தைப் புது ஆட்டத்துக்கு எடுத்துட்டுப் போனார், அவ்வளவுதான். அந்த ஒரு முடிவு, அவர் போய் நூறு வருஷம் கழிச்சும் ஆட்களை வாசல்லயே நிறுத்தி வெச்சது.

நம்மள்ல நிறைய பேர் தினமும் யாரையாவது ஏதாவது எண்ணால அளக்கிற சிஸ்டத்தைத்தான் எழுதிட்டு இருக்கோம். எதை எண்ணணும்னு முடிவெடுக்கிற மீட்டிங் அரை மணி நேரத்துல முடிஞ்சுடும். அடுத்த தடவை அந்த மீட்டிங்ல உட்காரும்போது, இந்தக் கணக்குல யாரோட வேலை நடக்காத மாதிரி ஆகுதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

2022 ஆகஸ்ட்ல டெட்ராய்ட் அணி விட்டேக்கரோட 1ஆம் நம்பர் ஜெர்சிக்கு ஓய்வு குடுத்தது. இனி அந்த ஊர்ல அந்த நம்பரை யாரும் போட முடியாது. கூப்பர்ஸ்டவுன் சுவர்ல அவர் பேர் இல்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.